கறுப்பாக இருந்தாலும்...

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை. செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரம் மலைப்படிகளில் காலை முதலே கூட்டம். துளசி மாலையும் நெய்விளக்குமாக ஏறிக்கொண்டிருந்தவர்களிடையே மூதாட்டி ஒருவரும், அவர் கையைப் பிடித்தபடி ஐந்து வயதுப் பேத்தியும் இருந்தனர். பேத்தி படிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். இருபதைத் தாண்டியதும் எண்ணிக்கை தடுமாறும். உடனே ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

சிங்கவரத்துப் பெருமாள் பல்லவர் காலத்துக் குடைவரையில் பள்ளிகொண்டவர். வேறெங்கிருந்தோ கல் கொணர்ந்து வடித்த திருமேனி அன்று அது. மலையையே குடைந்து, அந்தப் பாறையிலேயே அரவணையையும் அரங்கனையும் செதுக்கியிருக்கிறார்கள். ராஜா தேசிங்கு போருக்குப் புறப்படுமுன் இவரிடம் விடைபெற வந்ததாகவும், ‘வேண்டாம்’ என்பது போலப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் செஞ்சி வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள்.

குடைவரையின் இருட்டில் அர்ச்சகர் தீபத்தை உயர்த்தினார். திருவடியிலிருந்து திருமுகம் வரை ஒளி மெல்ல நகர்ந்தது. எண்ணெய் மினுக்கும் கரிய திருமேனி ஒரு கணம் தெரிந்தது, மறைந்தது, மீண்டும் தெரிந்தது. மூதாட்டியின் கண்கள் கலங்கின. பேத்தியை முன்னால் நிறுத்தி, “எவ்வளவு அழகு பார்த்தியா கண்ணு, நம்ம பெருமாளு!” என்றார்.

பேத்தி நன்றாகப் பார்த்தாள். பிறகு பெரியவர்களைப் போலவே தலையை அசைத்து, “ஆமாம் ஆயா. கறுப்பா இருந்தாலும் களையா இருக்காரு” என்றாள்.

அருகில் நின்றவர்கள் சிரித்தனர். அர்ச்சகரும் புன்னகைத்தார். மூதாட்டியால் மட்டும் சிரிக்க முடியவில்லை. இரண்டு நாள்களுக்கு முன் உறவினர் வீட்டில் பிறந்த பெண் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தபோது, தொட்டிலைக் குனிந்து பார்த்து அவர் சொன்ன வாக்கியம் அது. ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்குது.’ பாராட்டாகத்தான் சொன்னார். பெற்றவள் ஒன்றும் பேசவில்லை. குழந்தையின் போர்வை ஓரத்தைச் சரிசெய்தாள். அதை அவர் அப்போது பொருட்படுத்தவில்லை. இப்போது பெருமாள் சந்நிதியில் அந்தப் பெண்ணின் குனிந்த தலை அவர் நினைவுக்கு வந்தது.

பெயர் வேண்டாத ஒரு குடும்பத்தின் கதை இது. எந்த ஊரில், எந்தச் சந்நிதியிலும் நடக்கக்கூடியது.

நான்கு எழுத்துக் குறையன்று

அந்தக் குழந்தை பெருமாளை இழிவுபடுத்தவில்லை. கரிய நிறத்தைக் கண்டு அழகைப் பாராட்ட வேண்டுமானால் இப்படித்தான் சொல்ல வேண்டும் போலும் என்று தான் கற்ற மொழியை ஒழுங்காகப் பயன்படுத்தினாள். தவறு அவள் வாயில் இல்லை; அவள் காதில் விழுந்த வாக்கியத்தில் இருந்தது.

‘ஏழையாக இருந்தாலும் நேர்மையானவர்’, ‘மழை பெய்தாலும் நேரத்துக்கு வந்துவிட்டார்’ என்கிறோம். முன்னே ஒரு தடையை வைத்து, அதைத் தாண்டி ஒரு நன்மையைக் காட்டுவதே ‘இருந்தாலும்’ என்ற சொல்லின் வேலை. ‘கறுப்பாக இருந்தாலும் களை’ என்று சொல்லும்போது, கறுப்பு ஒரு குறை என்று முதலில் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் பிறகு கருணை காட்டுகிறோம்.

நம் வீடுகளில் இதற்கு உறவான சொற்கள் பல உண்டு. சிவந்த மேனியை ‘நல்ல நிறம்’ என்பார்கள். கரிய மேனியை ‘நிறம் கம்மி’ என்பார்கள். சிறு குழந்தையிடம் வண்ணக் குச்சிப் பெட்டியைக் கொடுத்துப் பார்த்தால் இந்தச் சொல்லின் விந்தை புலப்படும். காகம், யானை, அம்மாவின் கூந்தல், தாத்தாவின் குடை, இரவு வானம், எல்லோருடைய கண்மணி என்று அது வரைவதற்கெல்லாம் கறுப்புக் குச்சி வேண்டும். கறுப்பில் நிறம் குறைவு என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. அதே பெட்டியில் வெளிர் ரோஜா நிறத்தில் உள்ள ஒரு குச்சியைக் காட்டி, ‘இதுதான் தோல் நிறம்’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் பெரியவர்களே. குழந்தை அந்தக் குச்சியைத் தன் கையருகே வைத்துப் பார்க்கும். பிறகு ஒன்று, குச்சியின் பெயர் தவறு என்று நினைக்க வேண்டும்; அல்லது தன் கை தவறு என்று நினைக்க வேண்டும். பெரியவர்கள் சொன்னது தவறாக இருக்கும் என்று ஐந்து வயதில் யார் நினைப்பார்கள்?

குழந்தைக்கு யார் கற்பித்தது?

பிறந்த சிசுவுக்கு நிறவேற்றுமை தெரியாது என்பதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2005-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து சில நாள்களே ஆன சிசுக்கள் எல்லா இனத்தவர் முகங்களையும் ஒரே ஆவலுடன் பார்த்தன. மூன்று மாதக் குழந்தைகளோ தம் வீட்டாரைப் போன்ற முகங்களையே கூடுதலாகப் பார்த்தன. அடுத்த ஆண்டு இஸ்ரேலிலிருந்து வந்த ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. இரு நிறத்தவரையும் நாள்தோறும் கண்டு வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைகளிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே சிசுவின் விருப்பம் வெறுப்பிலிருந்து பிறப்பதன்று, பழக்கத்திலிருந்து பிறப்பது. எதை அன்போடு அடிக்கடி பார்க்கிறதோ அது அழகாகிவிடுகிறது.

பழக்கத்தோடு பெரியவர்களின் சொல்லும் சேரும்போது என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதியர் 1940-களில் கண்டறிந்தனர். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையும் பழுப்புப் பொம்மையும் வைத்தார்கள். எது நல்ல பொம்மை, எதனோடு விளையாட ஆசை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. ‘உன்னைப் போன்ற பொம்மை எது?’ என்ற கேள்வி வந்தபோது, சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடின. சற்றுமுன் ‘நல்லதல்ல’ என்று ஒதுக்கிய பொம்மையைத்தான் இப்போது தன் பொம்மை என்று காட்ட வேண்டியிருந்தது. பள்ளிகளில் நிறவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இத்தகைய ஆய்வுகளும் எடுத்துக்காட்டப்பட்டன.

நம் நாட்டில் நிறத்துக்கென்று தனிப் பள்ளி இல்லை. ஆனால் கிருஷ்ண ஜயந்தி விழாவில் கண்ணன் வேடத்துக்குச் சிவந்த குழந்தையைத் தேடிப் பிடித்து, அதன் மேல் நீல வண்ணம் பூசும் வழக்கம் உண்டு. கண்ணனின் நிறத்தோடு பிறந்த குழந்தை கடைசி வரிசையில் நின்று கைதட்டுகிறது. அந்தக் குழந்தை வீட்டுக்கு வந்து, ‘கிருஷ்ணர் கறுப்புத்தானே, ஏன் என்னைச் சேர்க்கவில்லை?’ என்று கேட்டால், அதற்கு விடை சொல்ல எந்தப் பெரியவருக்கும் நாக்கு எழாது.

செஞ்சி மண் வணங்கும் கரியாள்

இந்தக் கேள்விக்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. செஞ்சியே போதும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மதிலால் இணைத்த கோட்டை செஞ்சிக் கோட்டை. 2025-ஆம் ஆண்டு ஜூலையில், மராத்தியரின் கோட்டைகளோடு சேர்த்து இதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. இதன் தொடக்கத்தை மரபுவழி வரலாறு இடையர் குலத்து ஆனந்தக் கோனிடம் காண்கிறது. அவன் மகன் கிருஷ்ணக் கோன் வடபுறத்து மலையில் அரண் எழுப்பினான் என்றும், அதனால் அம்மலை கிருஷ்ணகிரி ஆயிற்று என்றும் சொல்வர். கிருஷ்ண என்ற வடசொல்லுக்குக் கரியது என்பதே பொருள். 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைக்கொண்டனர். கரியவன் பெயர் தாங்கிய அந்த மலைக்கு ஐரோப்பியர் ‘ஆங்கிலேயர் மலை’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஊரார் நாவில் தங்கவில்லை. கிருஷ்ணகிரி கிருஷ்ணகிரியாகவே நிற்கிறது.

செஞ்சிக்கு இதைவிடப் பெரிய சிறப்பு ஒன்று உண்டு. தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில்கள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மூலத்தலமாகப் போற்றப்படுவது, பழைய செஞ்சி என்று வழங்கும் மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயில். பாரதப் போர் முடிந்த பின், செஞ்சி மன்னன் ஒருவனுக்கு இடர் செய்த அசுரனை அழிக்கத் திரௌபதி இம்மண்ணில் மீண்டும் தோன்றினாள் என்பது தலமரபு. அவளுடைய காவலனாகிய போத்துராஜாவும் இவ்வட்டாரத்துக் கதையோடு இணைந்தவர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூலின் முதற்பாகம் 1988-இல் வெளிவந்தது. செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்பதையே அதன் துணைத் தலைப்பாக அவர் அமைத்தார்.

அந்தத் திரௌபதி எந்த நிறத்தவள்? துருபதனின் வேள்வித் தீயிலிருந்து எழுந்தபோதே அவள் கரிய நிறத்தவள். நிறம் பற்றியே கிருஷ்ணை என்று அவளுக்குப் பெயரிட்டார்கள். மலர்ந்த நீலத்தாமரையின் மணம் அவள் மேனியிலிருந்து நெடுந்தொலைவு வீசியதாக வியாசர் சொல்கிறார். அவள் கையைப் பற்றும் ஆசையில் பாரத தேசத்து மன்னர்கள் எல்லாம் பாஞ்சாலத்துக்கு வந்து வில்லைத் தூக்க முயன்று தோற்றார்கள். அங்கே கூடியிருந்த அரசர்களில் ஒருவரேனும் ‘கறுப்பாக இருந்தாலும்’ என்று சொன்னதாகப் பாரதத்தில் இல்லை.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாரதப் பிரசங்கம் நாள் கணக்கில் நடக்கும். இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசுக்கும் படுகளத்துக்கும் தீமிதிக்கும் ஊரே திரளும். விடிய விடிய நடக்கும் கூத்தில் முன்வரிசை எப்போதும் குழந்தைகளுக்குத்தான். பாயில் சுருண்டு தூங்கியும் திடுக்கிட்டு விழித்தும் அவர்கள் பாஞ்சாலியைப் பார்க்கிறார்கள். அவளுக்காக அழுகிறார்கள். அவள் கூந்தல் முடிக்கும் வேளையில் தாங்களும் எழுந்து நிற்கிறார்கள். அவள் என்ன நிறம் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை.

கண்ணை மூடியவள் பெற்ற மகன்

பாரதப் பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அந்த இதிகாசத்தின் உயிர் நரம்பே கரியவர்கள்தாம். அதை இயற்றிய வியாசர், தீவில் பிறந்த கரியவர் என்ற பொருளில் கிருஷ்ண துவைபாயனர். அவரைப் பெற்ற சத்தியவதிக்கு இன்னொரு பெயர் காளி. கீதை உரைத்தவன் கிருஷ்ணன். கீதையைக் கேட்ட அர்ச்சுனனின் பத்துப் பெயர்களில் ஒன்றும் கிருஷ்ணன். விராட நாட்டில் உத்தர குமாரனிடம் அப்பெயர்களுக்குக் காரணம் சொல்லும்போது, கரிய நிறத்துப் பிள்ளையாகிய தன்மீது கொண்ட அன்பினால் தந்தை வைத்த பெயர் அது என்று அர்ச்சுனன் பெருமையாகக் கூறுகிறான். அந்தத் தந்தை பாண்டு. பாண்டு என்றால் வெளிறியவன். வெளிறிய தந்தை தன் கரிய மகனை எடுத்துக் கொஞ்சி, அவன் நிறத்தையே செல்லப் பெயராகச் சூட்டினான்.

பாண்டு வெளிறிப் பிறந்த கதையை அறியாதவர் இல்லை. குருவம்சம் வாரிசின்றி நின்றபோது, சத்தியவதியின் சொற்படி வியாசர் அரண்மனைக்கு வந்தார். கரிய உடல், செம்பட்டைச் சடை, கனல் போன்ற விழிகள். அம்பிகை அந்தத் தோற்றத்தைக் கண்டதும் அஞ்சிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவளுக்குப் பிறந்த திருதராஷ்டிரன் கண்ணில்லாதவன் ஆனான். அம்பாலிகை அச்சத்தில் வெளிறினாள். அவள் மகன் வெளிறிப் பிறந்தான். மூன்றாவதாக வந்த பணிப்பெண்ணோ முனிவரை முனிவராகவே கண்டாள். அஞ்சாமல் வணங்கி வரவேற்றாள். அவள் வயிற்றில் அறமே விதுரனாகப் பிறந்தது.

பாரதப் போருக்குச் சகுனியின் பகடையைக் காரணம் காட்டுவோர் உண்டு, துரியோதனனின் பொறாமையைக் காட்டுவோர் உண்டு. அதற்கு இரண்டு தலைமுறை முன்னரே, தன் எதிரே நின்ற மகான் யார் என்று காண மறுத்து ஒருத்தி மூடிய கண்களில் அக்குடும்பத்தின் துயரம் தொடங்கிவிட்டது. வெளித்தோற்றத்தைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளும் வீட்டில் அடுத்த தலைமுறைக்குப் பார்வை குறையும். இதைவிடத் தெளிவாக ஒரு புராணம் சொல்ல முடியுமா?

விளையாட்டுச் சொல்லும் தைக்கும்

நம் புராணங்கள் நிறத்தால் வந்த மனவருத்தத்தையும் மறைக்கவில்லை. சிவபெருமான் ஒருமுறை பார்வதியைக் ‘காளி’ என்று விளையாட்டாக அழைத்தார். கரியவளே என்ற அந்தச் சொல் தேவியின் மனத்தைத் தைத்தது. அவள் கயிலையை விட்டு நீங்கி, கடுந்தவம் புரிந்து, தன் கரிய தோலைக் களைந்து கௌரி ஆனாள். இக்கதையைப் பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். ஆனால் களையப்பட்ட கருமை வீணாகப் போகவில்லை. அதிலிருந்தே கௌசிகி என்னும் தேவி தோன்றினாள். தேவர்களால் வெல்ல முடியாத சும்ப நிசும்பர்களை அழித்தவள் அவளே. உலகநாயகனே விளையாட்டாகச் சொன்னாலும் நிறம் பற்றிய சொல் புண்படுத்தும் என்பது முதல் பாடம். வேண்டாம் என்று ஒதுக்கியதில்தான் காக்கும் ஆற்றல் இருந்தது என்பது இரண்டாம் பாடம்.

விரஜ பூமியில் வழங்கும் கதையோ ஒரு குழந்தையின் கேள்வியில் தொடங்குகிறது. ‘ராதை மட்டும் ஏன் வெளுப்பு? நான் ஏன் கறுப்பு?’ என்று கண்ணன் யசோதையிடம் கேட்டானாம். யசோதை பயற்றமாவு குழைக்கப் போகவில்லை. ‘அப்படியானால் நீ போய் உனக்குப் பிடித்த வண்ணத்தை அவள் முகத்தில் பூசிவிடு’ என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த விளையாட்டே ஹோலிப் பண்டிகை ஆயிற்று என்பர். பிள்ளையின் மனத்தில் முள் ஏறும் முன்னே அதைத் திருவிழாவாக மாற்றிவிட்டாள் தாய்.

முன்னோர் கண்ட அழகு

கறுப்பு குறை என்ற எண்ணம் தமிழ் மண்ணில் என்றும் இருந்ததன்று. சங்கப் புலவர்கள் தலைவியின் மாந்தளிர் போன்ற கருமை கலந்த நிறத்தை ‘மாமை’ என்று பெயரிட்டுப் பாராட்டினர். பிரிவுத் துயரால் அந்த நிறம் போய் உடல் வெளிறுவதைப் ‘பசலை’ என்றனர். அவர்களுக்கு வெளிறிப் போவதுதான் அழகின் இழப்பு. ஆழ்வார்கள் திருமாலின் நிறத்துக்கு உவமை தேடியபோது கார்மேகத்தையும் காயாம்பூவையும் கருங்கடலையும் கண்டார்கள்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் ஆண்ட காலத்தில் இக்கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்கோ போலோ வியப்போடு ஒன்றை எழுதிவைத்தார். இங்குள்ளோர் மிகக் கரியவரையே மிகவும் மதித்தனராம். குழந்தை பிறந்தது முதல் வாரந்தோறும் நல்லெண்ணெய் தேய்த்து அதன் கருமையை மிகுவித்தனராம். தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டினராம். வெளியூர்ப் பயணியின் கூற்றில் சற்று மிகை இருக்கலாம். எனினும், வாரந்தோறும் எண்ணெய் தேய்த்த அந்தக் கைகளின் வழித்தோன்றல்கள் இன்று ஏழாம் மாதத்தில் குங்குமப்பூவைத் தேடி அலைகிறார்கள்.

குங்குமப்பூவைப் பாலில் கலந்து குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. மேனியின் நிறம் தாய் தந்தையர் வழியாக வருவது. தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமியே அதைத் தீர்மானிக்கிறது. கடும் வெயிலிலிருந்து உடலைக் காக்க இறைவன் அளித்த குடை அது. பிறந்த சிசு சற்றுச் சிவந்து தோன்றுவதும், சில மாதங்களில் தனக்குரிய நிறத்தை அடைவதும் இயற்கை. ‘பிறந்தபோது நல்ல நிறமாக இருந்தது, இப்போது கறுத்துவிட்டது’ என்று தாயைக் குறைசொல்வதில் நியாயம் இல்லை.

சிவப்பழகு விற்கும் வாணிபம் 1975 முதல் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. வேலை கிடைக்கவும் வரன் அமையவும் களிம்பு பூசச் சொன்ன விளம்பரங்கள் இரண்டு தலைமுறையை வளர்த்தன. சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு, 2009 முதல் ‘கறுப்பே அழகு’ என்ற கருத்தில் இயக்கம் நடத்தியது. கரிய நிறத்தவரைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014-இல் நெறிமுறை வகுத்தது. 2017 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த இரு கலைஞர்கள் இலக்குமி, சரசுவதி, சீதை, முருகன் முதலிய தெய்வ வடிவங்களில் கரிய நிறத்து ஆண்களையும் பெண்களையும் படமெடுத்து வெளியிட்டனர். நாட்காட்டிப் படங்களில் வெளுத்துப்போன நம் தெய்வங்களைப் பற்றி அது பலரைச் சிந்திக்க வைத்தது. 2020-இல் அந்தப் புகழ்பெற்ற களிம்பு தன் பெயரிலிருந்தே ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. ஆயினும் கேடு ஒழியவில்லை. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், முறையான தயாரிப்பு விவரம் இல்லாத சிவப்பழகுக் களிம்புகளைப் பூசிய சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அவற்றில் கலந்திருந்த பாதரசமே காரணம் என்று மருத்துவர்கள் கண்டனர்.

விளம்பரத்தைத் திருத்தச் சட்டமும் நெறிமுறையும் உண்டு. தொட்டிலருகே சொல்லப்படும் வாக்கியத்தைத் திருத்த அந்த வீட்டு முதியவர்களால் மட்டுமே முடியும்.

முதியோர் கையில் உள்ளது

பிள்ளைப்பேற்று அறைக்குள் முதலில் அழைக்கப்படுபவர்கள் தாத்தாவும் பாட்டியும். பெண் பார்க்கும் படலத்தில் முதல் சொல்லும் அவர்களுடையதே. குழந்தையின் காது நுனியைப் பார்த்து நிறம் கணிப்பதும், மருமகளின் நிறத்தை மகனின் நிறத்தோடு ஒப்பிடுவதும், இரண்டு பேத்திகளில் ஒருத்தியைச் ‘சிவப்பி’ என்றும் மற்றவளைக் ‘கறுப்பி’ என்றும் அழைப்பதும் தீய எண்ணத்தால் அல்ல, பழக்கத்தால். ஆனால் அந்த இரண்டாவது பேத்தி தன் அறுபதாம் வயதிலும் அந்தச் சொல்லை மறப்பதில்லை. இதைப் படிக்கும் மூதாட்டியரில் பலர் தாமே அந்த இரண்டாவது பேத்தியாக இருந்தவர்கள். தமக்குத் தைத்த முள் எதுவென அவர்களுக்குத் தெரியும்.

கருப்பசாமி, கருப்பாயி, கருத்தம்மாள் என்று குலதெய்வத்தை நினைந்து பிள்ளைகளுக்குப் பெயரிட்ட ஊர் இது. நிறத்தைச் சொல்லவே கூடாது என்பதில்லை. பாண்டு சொன்னது போலச் சொல்லலாம். யசோதை சிரித்தது போலச் சிரிக்கலாம். விட வேண்டியது அந்த ‘இருந்தாலும்’ ஒன்றைத்தான்.

சிங்கவரத்து மலையிலிருந்து இறங்கும்போது அந்த மூதாட்டி அதிகம் பேசவில்லை. பேத்திதான் பேசிக்கொண்டே வந்தாள். பாதிப் படியில் நின்று, “ஆயா, பெருமாளு கறுப்பா இருந்தா அழகா இருக்க மாட்டாரா?” என்று கேட்டாள். கேட்டதில் குறும்பு இல்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

“கறுப்பா இருக்கறதும் அழகுதான் கண்ணு. ஆயா அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்” என்றார் மூதாட்டி.

“அப்போ பாப்பாகிட்டப் போய்ச் சொல்லணும்” என்றாள் பேத்தி.

அடுத்த வாரம் குழந்தையைத் தொட்டிலில் இடும் நாள். உறவினர் கூடியிருந்தனர். மூதாட்டி பெருமாள் சந்நிதித் துளசியை ஓர் இதழ் எடுத்து வந்திருந்தார். அதைக் குழந்தையின் தலைமாட்டில் வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, “நம்ம பெருமாளு நிறம். கறுப்பு, கொள்ளை அழகு” என்றார்.

கூட்டத்தில் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. பெற்றவள் மட்டும் தலைநிமிர்ந்து பார்த்தாள். பேத்தி எட்டித் தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தான் சொல்ல வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை என்பது போல, மெல்ல ஆட்டத் தொடங்கினாள்.